பொருள் வடிவமைப்பில் படத்தின் பங்கு: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் சனி, ஞாயிறு மாலைகளில் நான் நடத்தும் வரைபட வகுப்புக்கு மரவேலை செய்பவர்கள், கடைசல் பட்டறைக்காரர்கள், பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று பலரும் வருகிறார்கள். கணவாய்க்கு அப்பால், கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் சிலர் ரயிலேறி வருகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது என்பதால், இங்கே பல வீடுகளில் கேரளத்து உருளியும் கிண்டியும் நம் செம்போடும் குடத்தோடும் ஒரே அலமாரியில் இருக்கும். வடிவங்களைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

வகுப்பில் ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

“செய்யப்போற பொருள் என் மனசுல தெளிவா இருக்கு அண்ணாச்சி. அதைப் படமா வேற எதுக்கு வரையணும்?”

மனத்தில் தெளிவாக இருப்பது பெரும்பாலும் அந்தப் பொருளின் பெயர்தான். ‘முக்காலி’ என்று நினைத்ததும் ஒரு முக்காலி மனத்தில் வந்து நிற்கிறது. அதன் கால்கள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன, பலகையின் விளிம்பிலிருந்து எத்தனை விரற்கடை உள்ளே தள்ளி இறங்குகின்றன என்று கேட்டால் விடை வருவதில்லை. பென்சில் தாளைத் தொட்டதும் இந்த இரண்டு கேள்விக்கும் ஏதாவது ஒரு விடை சொல்லியே ஆக வேண்டும்.

இதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. ஒரு பக்கமாகப் பார்த்தால் வாத்தாகவும் மறுபக்கமாகப் பார்த்தால் முயலாகவும் தெரிகிற படத்தைச் சேம்பர்ஸ், ரைஸ்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 1985-இல் பயன்படுத்தினார்கள். 15 பேருக்கு அதைச் சிறிது நேரம் காட்டி மறைத்துவிட்டு, மனத்தில் இருக்கும் அந்தப் படத்தில் இன்னோர் உருவம் தெரிகிறதா என்று கேட்டபோது ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. நினைவிலிருந்து அதைத் தாளில் வரையச் சொன்னபோது, தாங்கள் வரைந்த படத்திலேயே 15 பேரும் மற்ற உருவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தகுந்த குறிப்புகள் கொடுத்தால் மனத்துக்குள்ளேயே மாற்றிப் பார்க்கச் சிலரால் முடியும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் தாளில் எளிதாக நடப்பது மனத்தில் அரிதாகவே நடக்கிறது. புதிய பொருள் செய்ய விரும்புபவருக்கு வேண்டியது இந்த மாற்றிப் பார்க்கும் திறன்தான்.

“எனக்குப் படம் வரைய வராதே. கோடு நேராவே போகாது.”

கோடு நேராகப் போகாதது தொடக்கத்தில் ஒரு குறையே அன்று. ஒரே விளிம்பை மூன்று தடவை தடவித் தடவி இழுத்த கோட்டில் மூன்று விளிம்புகள் இருக்கின்றன. எது வேண்டும் என்று கண் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். அளவுகோல் வைத்து இழுத்த ஒற்றைக் கோடு அந்த முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது.

பழக வேண்டியது கையைவிடக் கண்தான். அனுபவமுள்ள கட்டடக் கலைஞர்களும் மாணவர்களும் தங்கள் கிறுக்கல்களை எப்படி வாசிக்கிறார்கள் என்று சுவா, ட்வெர்ஸ்கி ஆகியோர் 1997-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அனுபவசாலிகள் தங்கள் கோடுகளிலிருந்து ஆட்கள் எப்படி நடப்பார்கள், இடம் எப்படிப் பயன்படும் என்பதுவரை வாசித்தார்கள். வரைந்த தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு அடி தள்ளி நின்று, தலைகீழாகவும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். வகுப்பில் முதல் மாதம் முழுக்க நான் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இது ஒன்றைத்தான்.

“மேல்தோற்றம், முன்தோற்றம், வெட்டுத்தோற்றம்னு ஒரே பொருளை ஏன் இத்தனை தடவை வரையணும்?”

கிண்டியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வருபவர்கள் கால் கழுவத் திண்ணையில் வைத்திருந்த, மூக்குள்ள வெண்கலப் பாத்திரம் அது. மேலிருந்து வரைந்தால் ஒரு வட்டமும், அதிலிருந்து நீளும் ஒரு சின்ன நாக்கும் தெரியும். மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் படம் ஒன்றும் சொல்லாது. பக்கவாட்டில் வரைந்தால்தான் மூக்கின் நுனி பாத்திரத்தின் வாயைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பது தெரியும். தாழ்ந்திருந்தால், வாய்வரை நீர் நிரம்புவதற்குள் மூக்கு வழியே ஒழுகத் தொடங்கிவிடும். நெடுக வெட்டிய தோற்றத்தை வரைந்தால் மூக்கின் அடி வயிற்றில் எந்த உயரத்தில் சேர்கிறது என்பதும், அதற்குக் கீழே தேங்குகிற நீரை ஊற்ற எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதும் புலப்படும்.

ஒவ்வொரு தோற்றமும் வேறொரு கேள்வியைக் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். மேல்தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு யோசிப்பவருக்கு மூக்கின் உயரத்தை மாற்றிப் பார்க்கும் எண்ணமே எழாது. ஒரு படத்திலிருந்து மற்றதை மனத்தால் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கும் ஒரு விலை இருக்கிறது: ஷெப்பர்ட், மெட்ஸ்லர் ஆகியோர் 1971-இல் செய்த சோதனையில், உருவங்களை மனத்தில் எவ்வளவு கோணம் சுழற்ற வேண்டியிருந்ததோ அதற்கு நேர்விகிதமாக நேரமும் கூடியது, வினாடிக்கு ஏறக்குறைய 60 பாகை என்பது அந்த வேகம். அந்த உழைப்பைத் தாளிடம் விட்டுவிட்டால் மனம் யோசிப்பதற்கு மிச்சமாகும்.

“கடைசல்காரர் ஒரு மாதிரி வரையிறார், தகர வேலைக்காரர் வேற மாதிரி வரையிறார். யார் வரையிறது சரி?”

இருவர் வரைவதும் சரி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தில் உளி வைப்பவர் பொருளின் பாதி விளிம்பை மட்டும் வரைகிறார். நடுவில் ஓர் அச்சுக்கோடு, அதற்கு ஒரு பக்கம் ஒரு வளைவு; மீதியைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் எல்லாம் இப்படிப் பிறந்தவையே. வளைவு எங்கே பருக்க வேண்டும், எங்கே ஒடுங்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருக்கும் நுட்பம் வேறு யாருக்கும் வராது. ஆனால் அந்தப் பாதி விளிம்பில் மூலை உள்ள பாத்திரத்துக்கோ, ஒரு பக்கம் மட்டும் நீண்ட பாத்திரத்துக்கோ இடமே இல்லை. தகர வேலைக்காரர் தட்டையாக விரித்த நிலையில் பொருளைக் காண்கிறார். புனலைச் சொன்னால் அவர் மனத்தில் விசிறித் துண்டு வருகிறது. உருளையைச் சொன்னால் செவ்வகம் வருகிறது. கோளத்தை மட்டும் கிழிக்காமலோ நெளிக்காமலோ தட்டையாக விரிக்க முடியாது என்பது வடிவக் கணிதத்தின் உண்மை, எனவே உருண்டை அவருடைய தாளுக்குள் வருவதில்லை. கூடை முடைபவர் படமே வரைவதில்லை; நெடுக்கில் எத்தனை சிம்பு, குறுக்கில் எத்தனை என்ற எண்ணிக்கைதான் அவருடைய படம்.

கடைசல் பட்டறையிலிருந்து வரும் ஒரு தம்பியிடம் ஊறுகாய் பரிமாறும் கிண்ணம் ஒன்றைப் புதிதாக யோசித்து வரச் சொன்னேன். எட்டுப் படங்கள் கொண்டுவந்தார். எட்டும் அழகாகவே இருந்தன, எட்டும் வட்டம். அடுத்த வாரம் அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அட்டையின் மூன்று பக்கத்தையும் மடித்து நிமிர்த்தி, ஒரு மூலையை மட்டும் தாழ விட்டு, எண்ணெய் வடியாமல் ஊறுகாயை எடுத்து வைக்கிற ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஆளும் அதே ஆள், அறிவும் அதே அறிவு. அவர் வடிவத்தைக் குறித்த முறை மட்டும் மாறியது. நான் இந்த வகுப்பை நடத்துவதற்கு அந்த அரை மணி நேரம் ஒன்றே போதுமான காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

“நல்ல மாதிரிப் படம் ஒண்ணைப் பார்த்துட்டுத் தொடங்கினா வேலை சீக்கிரம் முடியுமே?”

முடியும். ஆனால் அந்த மாதிரியின் குறைகளும் கூடவே வந்து சேரும். ஜான்சன், ஸ்மித் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கும்படி பொறியியல் மாணவர்களைக் கேட்டார்கள். ஒரு குழுவுக்கு உறிஞ்சுகுழல் உள்ள மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். உறிஞ்சுகுழலோ வாய்வைக்கும் குழாயோ கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லியும் வைத்தார்கள். அப்படியிருந்தும் படத்தைப் பார்த்தவர்களின் வடிவங்களில் அவை திரும்பத் திரும்ப வந்தன. தொழிலில் பழுத்த பொறியாளர்களிடமும் இந்த ஒட்டுதல் காணப்பட்டது. படம் சொல்லைவிட வலியது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

தேங்காய் துருவும் பலகையில், கேரளத்தில் சிரவை என்பார்கள், இதை நான் நேரில் பார்த்தேன். பலகையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, மூட்டுவலியால் தரையில் உட்கார முடியாத ஒருவருக்கு ஏற்ப மாற்றுங்கள் என்று சொன்னபோது, எல்லாரும் பலகையை உயர்த்தினார்கள், அகலமாக்கினார்கள், கால் வைத்தார்கள். வேறொரு நாள் வேறொரு குழுவுக்குப் பலகையை வரையாமல் ஒரு கை, ஒரு தேங்காய் மூடி, பல் வைத்த ஓர் இரும்பு நாக்கு ஆகிய மூன்றை மட்டும் வரைந்தேன். சமையல் மேடையின் விளிம்பைக் கவ்விக்கொள்கிற துருவி, நாக்கையே கிண்ணத்துக்குள் பொருத்திய துருவி என்று நின்றுகொண்டே துருவும் வழிகள் வந்தன. மேடையைக் கவ்வும் துருவி கடைகளில் ஏற்கெனவே கிடைக்கிறது என்பது அதை வரைந்த மாணவிக்குத் தெரியாது. தெரியாமலேயே அவர் அங்கே போய்ச் சேர்ந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது. மாதிரிப் படம் வேண்டுமென்றால், பொருளை விட்டுவிட்டு அது செய்யும் வேலையை மட்டும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

“அப்போ முதல்ல வடிவமா, பயன்பாடா? எதிலிருந்து தொடங்கணும்?”

இதில் அறிஞர்கள் இரண்டு திசையில் இழுப்பதுபோலத் தோன்றும். ரொனால்டு ஃபிங்கே என்ற உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகளில் உருண்டை, கூம்பு, கம்பி, கொக்கி போன்ற 15 எளிய உறுப்புகளிலிருந்து மூன்றைக் கொடுத்து, மனத்தில் இணைத்து ஒரு வடிவம் உண்டாக்கச் சொன்னார். அது அறைகலனா, கருவியா, விளையாட்டுப் பொருளா என்பதை முன்னதாகச் சொன்னபோது கிடைத்தவற்றைவிட, வடிவத்தை உண்டாக்கி முடித்த பிறகு சொன்னபோது கிடைத்த கண்டுபிடிப்புகள் அதிகப் படைப்பாற்றல் உள்ளவையாக இருந்தன. முதல் கேள்வியில் சொன்ன பெயரின் பிடி இங்கே தளர்ந்துவிடுவதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

மறுபக்கம், 1958-இல் இந்திய அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் எழுதிய அறிக்கை இருக்கிறது. 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அதுவே அடிப்படை. அவர்கள் இந்தியாவில் பார்த்தவற்றுள் மிகவும் வியந்து எழுதிய பொருள் நம் செம்பு. அதன் உருவத்தை மட்டும் போற்றி நிறுத்தாமல், எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், யாருடைய கை எவ்வளவு பெரியது, தலையிலா இடுப்பிலா வண்டியிலா கொண்டுபோவது, நிரம்பியிருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், உள்ளே தேய்த்துக் கழுவ முடியுமா என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். எத்தனையோ தலைமுறைகள் கேட்டுக் கேட்டுச் செதுக்கிய விடைதான் செம்பு என்பது அவர்கள் கருத்து.

எனக்கு இவை முரணாகத் தெரியவில்லை. பெயர் வைக்காத வடிவங்களைத் தாளில் தாராளமாகப் பிறக்கவிடுங்கள். பிறந்த ஒவ்வொன்றையும் ஈம்ஸ் தம்பதியரின் கேள்விகள் முன் நிறுத்துங்கள். கேள்விகளை முதலிலேயே அடுக்கினால் வடிவம் அஞ்சி ஒடுங்கிவிடும். கேள்விகளே இல்லாவிட்டால் கையில் நிற்காத அலங்காரப் பொருள்தான் மிஞ்சும்.

“வளைவா இருந்தா மென்மை, கூரா இருந்தா கடுமைன்னு சொல்றது நிஜமா?”

பெருமளவுக்கு நிஜம்தான். வளைந்த உருவம் ஒன்றையும் கூரான உருவம் ஒன்றையும் காட்டி, ‘பூபா’ எது, ‘கீக்கீ’ எது என்று கேட்டால் பெரும்பாலோர் வளைந்ததைப் பூபா என்கிறார்கள். வொல்ஃப்காங் கோலர் 1929-இல் எழுதிய பழைய சோதனையின் மறுவடிவம் இது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் 2001-இல் இதைப் பற்றி எழுதியபோது, அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுவோரும் அப்படியே விடை சொன்னதைக் குறிப்பிட்டார்கள். பிறகு 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் நடந்த ஆய்வில் 72 விழுக்காட்டு விடைகள் அவ்வாறே இருந்தன. ரோமன் எழுத்தைப் பயன்படுத்தாத மொழிகளிலும் இது நிலைத்தது.

ஆனால் இது ஒரு சாய்வு மட்டுமே. பழக்கம் அதைவிட ஆழமாக வேலை செய்யும். அன்னம் உட்கார்ந்த நம் குத்துவிளக்கையும், பெரும்பாலும் அன்னம் இல்லாமல் கூம்பு முனையோடு முடியும் கேரளத்து நிலவிளக்கையும் வெறும் கறுப்பு நிழலாக வரைந்து காட்டுங்கள். இந்தப் பக்கத்துக் குழந்தைகூட எது எந்த ஊருடையது என்று சொல்லிவிடும். கணவாய்க்கு அப்பால் விற்க நினைக்கும் பொருளை முதலில் நிழலாக வரைந்து அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

“நேரா கம்ப்யூட்டர்ல முப்பரிமாணமா வரைஞ்சா நேரம் மிச்சம்தானே?”

கடைசிக் கட்டத்தில் அதற்கு ஈடே இல்லை. முதல் கட்டத்தில் அதைத் திறப்பதுதான் ஆபத்து. மென்பொருள் முதல் நிமிடத்திலேயே மில்லிமீட்டர் கேட்கிறது. மூன்று விளிம்புள்ள தயக்கமான கோட்டை அதில் இழுக்க வழியில்லை. எந்த வடிவத்தை அதில் எளிதாகச் செய்ய முடியுமோ, அதை நோக்கியே கை தானாக நகரும்.

இதற்கு நானே ஒரு முறை விலை கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு மூலை அலமாரி செய்ய ஒப்புக்கொண்டு, முதல் சந்திப்பிலேயே தேக்கு நிறமும் வெளிச்சமும் நிழலுமாகப் பளபளக்கும் கணினிப் படத்தைக் காட்டினேன். வீட்டாருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மூன்று சந்திப்பும் நிறத்தைப் பற்றியும் கைப்பிடியைப் பற்றியுமே நடந்தன. படம் முடிந்த பொருளைப்போல இருந்ததால் வடிவத்தைக் கேள்வி கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பொருத்திய அன்று இடப்பக்கக் கதவு ஜன்னல் கம்பியில் இடித்துப் பாதிதான் திறந்தது. தாளில் ஒரு மேல்தோற்றம் வரைந்து, கதவு திறக்கும் வட்டக்கோட்டை இழுத்திருந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும். பிழை முழுக்க என்னுடையது. கதவை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து முதல் சந்திப்புக்குப் பென்சில் கோடுகளை மட்டுமே கொண்டுபோகிறேன். பென்சில் கோட்டைப் பார்த்தால் வீட்டுப் பாட்டிகூடத் தயங்காமல், “இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வையேன்” என்கிறார்.

“வெறும் தாளா, கட்டம் போட்ட தாளா?”

கோலத்தைப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்தால் பூவும் கிளியும் வரும்; அதே புள்ளிகளைத் தொடாமல் சுற்றி வளைத்தால் சிக்குக் கோலம் வரும். புள்ளி ஒன்றே, விதி இரண்டு, பிறக்கும் உருவங்களில் ஒற்றுமையே இல்லை. கட்டம் கற்பனையைக் கட்டிப்போடுகிறது என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. ஒரே விதியில் மாட்டிக்கொள்வதுதான் கட்டிப்போடும். தேங்கி நிற்கும்போது தாளை மாற்றுங்கள்: கட்டத்தில் இருந்தவர் வெறும் தாளுக்கும், வெறும் தாளில் இருந்தவர் புள்ளித் தாளுக்கும்.

“ஏஐகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல நூறு படம் தருதே சார். இனி இதெல்லாம் வேணுமா?”

மாதிரிப் படத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கே நூறு மடங்கு பொருந்தும். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் 60 பேருக்கு ஒரு மாதிரியைக் காட்டி வடிவமைப்பு வேலை கொடுத்தார்கள். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியவர்கள் அந்த மாதிரியோடு அதிகமாக ஒட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய யோசனைகள் எண்ணிக்கையிலும் வகையிலும் புதுமையிலும் குறைவாகவே இருந்தன. நூறு படமும் முடிந்த பொருளைப்போலப் பளபளப்பாக வருவதால், என் அலமாரிக்கு நேர்ந்தது அங்கேயும் நேர்கிறது.

பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையால் குறைந்தது பத்துக் கிறுக்கல் முடித்த பிறகு திறந்து பாருங்கள். அப்போது அது தருவதை உங்கள் வடிவத்தோடு ஒப்பிட உங்களிடம் ஒன்று இருக்கும்.

“வாடிக்கையாளர் போன்ல ஒரு போட்டோ காட்டி ‘இதே மாதிரி வேணும்’னு சொன்னா என்ன செய்யிறது?”

போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் போனில் அதை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் தினமும் பார்க்கப் பார்க்க அதன் குறையும் உங்கள் கையில் ஏறிவிடும். பிறகு அதில் அவருக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் முழுப் பொருளாக இராது; சாய்வுப் பலகையின் ஒரு வளைவு, காலின் ஒல்லி, அடியில் செருப்பு வைக்க இருக்கும் இடம் என்று ஏதாவது ஒன்றாகவே இருக்கும். அதை மட்டும் அவர் கண் எதிரே தாளில் வரையுங்கள், சுற்றி வெற்றிடத்தை விடுங்கள்.

சென்ற மாதம் தென்மலையிலிருந்து வரும் ஒரு மாணவர் இப்படியே செய்தார். ஊஞ்சல் கேட்டு வந்தவர் காட்டிய போட்டோவில் அவருக்குப் பிடித்தது கைப்பிடியில் காபி டம்ளர் வைக்க வெட்டியிருந்த குழி மட்டும்தான். மாணவர் அந்தக் குழியை முதலில் வரைந்தார், டம்ளரை வரைந்தார், அதை எடுக்க நீளும் கையை வரைந்தார். பலகையும் சங்கிலியும் கடைசியாகத்தான் தாளுக்கு வந்தன. இப்போது அட்டையில் பாதி அளவு மாதிரி ஒன்று செய்து வகுப்பு மூலையில் தொங்கவிட்டிருக்கிறார்; வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்தக் குழியில்தான் விரலை வைத்துப் பார்க்கிறார்கள்.